நன்றி சொல்ல மனம் வராவிட்டால் விசுவாசம் இல்லையென்று அர்த்தமா?

சகோதரி, "கிறிஸ்தவ விசுவாசத்தால் மனநிறைவு கிடைக்குமா?" என்று தலைப்பில் கேட்டிருக்கிறீர்கள். உள்ளே எழுதியிருப்பதைப் படித்தால் கேள்வி அதைவிடக் கனமானது. கணவர் வேலை பார்த்த ராணிப்பேட்டை கம்பெனி மூடி ஒன்றரை வருடம் ஆகிறது. பள்ளிகொண்டாவிலிருந்து ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு தினமும் பஸ்ஸில் போய்வந்து உங்கள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. நகை அடகில் இருக்கிறது. தங்கை பெங்களூரில் ஃபிளாட் வாங்கி, வீட்டுப் பிரதிஷ்டை படங்களைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்ட ராத்திரி உங்களுக்குத் தூக்கம் வரவில்லை. சபையில் வயதான அம்மா ஒருவர், "முறுமுறுக்காதே, முறுமுறுத்தவர்கள் எல்லாரும் வனாந்தரத்திலேயே மாண்டுபோனார்கள்" என்று சொல்லியிருக்கிறார். வாய் ஸ்தோத்திரம் சொல்கிறது, மனம் கூடவே வரவில்லை. அப்படியானால் என் விசுவாசம் பொய்யா, மனநிறைவு என்று இவர்கள் சொல்வது ஆசையை அமுக்கி வைக்கிற பழக்கம்தானா? நீங்கள் கேட்பது இதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெற்ற சி.எஸ்.ஐ. ஆயர். குடியாத்தம், அணைக்கட்டு பக்கத்துக் கிராமச் சபைகளில் பல ஆண்டுகள் இருந்தேன். அப்புறம் வேலூரில், வியாதிப்பட்டு வெளியூர்களிலிருந்து வருகிறவர்களையும் அவர்களுக்குத் துணையாக வந்து காத்திருக்கிறவர்களையும் சந்திக்கிற ஊழியம். வேதத்தை முறையாகப் படித்தவன் என்கிற அளவிலும், நன்றி சொல்ல முடியாத நிலையில் இருந்தவர்கள் பக்கத்தில் நிறைய நேரம் உட்கார்ந்திருந்தவன் என்கிற அளவிலும்தான் எனக்குப் பேச உரிமை. மனநல மருத்துவம் எனக்குத் தெரியாது. அதைப் பற்றிக் கடைசியில் ஒரு வார்த்தை சொல்கிறேன்.

முதலில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்று. மனநிறைவு பற்றிப் பேசும்போது எல்லாரும் எடுத்துக்காட்டுகிற வசனம் பிலிப்பியர் 4:11: "நான் எந்த நிலைமையிலிருந்தாலும் மனரம்மியமாயிருக்கக் கற்றுக்கொண்டேன்." பவுல் இதை எழுதியது சிறையிலிருந்து. அந்தச் சிறை ரோமாபுரியிலா, எபேசுவிலா, செசரியாவிலா என்பதில் வேத அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை, அது நமக்கு இப்போது முக்கியமும் இல்லை. முக்கியமானது, அவர் 'கற்றுக்கொண்டேன்' என்கிறார். ஞானஸ்நானம் எடுத்த அன்றே கையில் வந்த வரமாக அதைச் சொல்லவில்லை. அடுத்த வசனத்தில் பட்டினியையும் குறைவையும் வெளிப்படையாகச் சொல்லி, அவற்றின் நடுவே தான் போதிக்கப்பட்டதாக எழுதுகிறார். தமஸ்கு வழியில் கிறிஸ்துவைக் கண்டு எத்தனையோ வருடங்கள் கழித்து எழுதின கடிதம் அது. உங்களுக்கு ஒன்றரை வருடத்தில் அது வசப்படவில்லை என்றால் நீங்கள் தோற்றுவிட்டீர்கள் என்று ஆகாது, படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றுதான் ஆகும்.

அந்தக் கடிதத்தை அதோடு நிறுத்திவிடாமல் கீழே படித்தால் இன்னொன்றும் தெரியும். வெளியே எது நடந்தாலும் அசையாமல், யாரையும் சாராமல் தனக்குத் தானே போதுமானவனாக இருப்பதே மேன்மை என்று அந்தக் காலத்து ஸ்தோயிக்க ஞானிகள் கற்பித்தார்கள். பவுலுக்கு அந்தப் பேச்சு பழக்கமானதுதான். ஆனால் அவர் போகிற திசை வேறு. "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே" என்று முதலில் கிறிஸ்துவைச் சாய்ந்துகொள்கிறார். உடனே அடுத்த வரியில், என் உபத்திரவத்தில் நீங்கள் பங்கெடுத்தது நல்லது என்று பிலிப்பி சபையாருக்கு நன்றி சொல்கிறார். அந்தக் காலச் சிறையில் கைதியின் சாப்பாடும் துணியும் பெரும்பாலும் வெளியே இருந்த உறவும் நட்பும் கொண்டுவந்தால்தான் உண்டு. எப்பாப்பிரோதீத்து என்கிறவர் கையில் அந்தச் சபை உதவி அனுப்பியிருந்தது. அதைக் கொண்டுவந்த ஊழியத்தில் அவர் வியாதிப்பட்டு மரணத்துக்குச் சமீபமாய்ப் போனார் என்று அதே கடிதத்தில் இருக்கிறது. அதாவது பவுலின் மனநிறைவு, பிறர் உதவியை வாங்கிக்கொண்டு வாழ்ந்த ஒருவரின் மனநிறைவு. எங்கள் பக்கத்துச் சபைகளில் கஷ்டத்தை வெளியே காட்டாமல் இருப்பதையே பெரிய விசுவாசமாகப் பேசுகிறோம். அதற்கு இந்தக் கடிதத்தில் ஆதாரம் இல்லை.

இனி, முறுமுறுப்பு. அந்த அம்மா சொன்னது வேதத்தில் இல்லாதது இல்லை. ஆனால் யார் எதைச் சொன்னபோது அது பாவமானது என்று நிதானமாகப் பார்க்க வேண்டும். உபாகமம் முதலாம் அதிகாரத்தில் மோசே பழசை நினைப்பூட்டும்போது, ஜனங்கள் தங்கள் கூடாரங்களுக்குள் இருந்துகொண்டு, கர்த்தர் நம்மை வெறுத்துத்தான் எகிப்திலிருந்து கூட்டிவந்தார் என்று பேசிக்கொண்டதாகச் சொல்கிறார். அவர்கள் தேவனிடம் பேசவில்லை. தேவனைப் பற்றித் தங்களுக்குள் பேசி, அவர் கெட்டவர் என்று தீர்ப்பும் எழுதிவிட்டார்கள். எண்ணாகமம் 11ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். இறைச்சி இல்லை என்று ஜனங்கள் அழுகிறார்கள். அதே அதிகாரத்தில் மோசேயும் முறையிடுகிறார், அவர்களைவிடக் கடுமையாகவே: இந்த ஜனங்களை நான்தான் பெற்றேனா, இவர்கள் எல்லாரையும் நான் ஒருவனாகச் சுமக்க முடியாது, இப்படித்தான் நடக்குமென்றால் என்னைக் கொன்றுபோடும் என்கிறார். அதற்குக் கிடைத்த பதில் தண்டனையா? இல்லை. பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ள எழுபது மூப்பர்களைத் தேவன் கூடச் சேர்த்துக்கொடுக்கிறார். மோசே தன் குறையை நேரே தேவனிடம் கொண்டுபோனார். உங்கள் கேள்வியில், ராத்திரி தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு "ஏன் ஆண்டவரே எங்களுக்கு மட்டும்?" என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அது மோசேயின் பக்கத்தில் சேருகிற பேச்சு.

சங்கீதப் புத்தகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்த மாதிரிப் புலம்பல்தான். பெரும்பாலானவை புலம்பலில் தொடங்கி நம்பிக்கையில் முடியும். 88ஆம் சங்கீதம் அப்படி முடியவில்லை. சிநேகிதரும் தோழரும் விலகிப்போனார்கள் என்கிற இருட்டிலேயே அது நின்றுவிடுகிறது; கடைசியில் ஒரு ஸ்தோத்திர வரிகூட இல்லை. அதையும் சபை ஜெபப் புத்தகமாகத்தான் காலங்காலமாக வைத்திருக்கிறது. எங்கள் கிராமங்களில் துக்க வீட்டு ஜெபத்துக்கு 23ஆம் சங்கீதமும் 121ஆம் சங்கீதமும் வாசிப்போம், 88ஐ யாரும் எடுப்பதில்லை. எடுத்தால் நல்லது என்பது என் அபிப்பிராயம். நம் கண்ணீருக்கும் வேதத்தில் இடம் இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் பலருக்கு ஜெபிக்கவே வாய் திறக்கிறது, இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அணைக்கட்டு பக்கத்தில் ஒரு கிராமச் சபையில் நடந்த அறுப்பின் பண்டிகையைச் சொல்ல வேண்டும். உங்களுக்கே தெரியும், அன்றைக்கு அவரவர் வீட்டில் விளைந்ததைக் கொண்டுவந்து பலிபீடத்துக்கு முன்னால் வைப்பார்கள், ஆராதனை முடிந்ததும் வெளியே மரத்தடியில் ஏலம். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் கூடை கூடையாக வரும். வேலூர் சந்தையில் என்ன விலையோ அதற்கு எத்தனையோ மடங்கு கொடுத்து எடுப்பார்கள், ஏனென்றால் அது காணிக்கை. அந்த வருடம் மழை பொய்த்துவிட்டது. கூடைகள் குறைச்சல். கூலி வேலை செய்கிற பாட்டி ஒருவர், முந்தானையில் முடிந்துகொண்டு வந்த கேழ்வரகைத் தட்டில் கொட்டினார். ஒரு படிக்குக் குறைவாகத்தான் இருக்கும். கொட்டிவிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகவே ஜெபித்தார்: "ஆண்டவரே, இந்த வருசம் நீ கம்மியாத்தான் குட்த்த. குட்த்ததுல இது உனுக்கு. மழய மட்டும் மறந்துடாத." முன்வரிசையில் சிலர் சங்கடத்தோடு நெளிந்தார்கள். எனக்கு அன்றைக்குப் பிரசங்கத்தில் சொல்ல எழுதி வைத்திருந்தது எல்லாவற்றையும்விட அந்த மூன்று வரி நிறைவாக இருந்தது. குறையைக் குறை என்று சொன்னார், கிடைத்ததைக் கிடைத்தது என்று சொன்னார், கேட்க வேண்டியதைக் கேட்டார், மூன்றையும் ஒரே ஆளிடம். கிறிஸ்தவ நன்றி என்று நான் புரிந்துகொண்டிருப்பது இதைத்தான். நன்றி ஒருவரிடம் சொல்லப்படுவது. அவரிடம் குறை சொல்லும் உரிமையும் இருக்கிற உறவில்தான் நன்றிக்கு உயிர் இருக்கும்.

எதற்கும் வருத்தப்படுவதில்லை, எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம் என்று சிலர் இருப்பதைப் பார்த்து நீங்கள் உங்களைக் குறைவாக நினைக்க வேண்டாம். வேலூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க நம் ஊரிலேயே ஒரு செய்தி இருக்கிறது. தொழுநோயில் விரல்கள் தானாகவே அழுகி விழுகின்றன என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள். 1940களின் கடைசியிலிருந்து இங்கே அந்தக் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டர் பால் பிராண்டும் அவரோடு உழைத்தவர்களும் வேறொன்றைக் காட்டினார்கள். நோய் நரம்பைத் தாக்கி உணர்ச்சி போய்விடுகிறது. சூடான பாத்திரத்தைப் பிடித்தாலும் தெரியாது, காலில் ஆணி ஏறினாலும் தெரியாது. கவனிக்கப்படாத அந்தக் காயங்கள்தான் விரல்களைக் கொண்டுபோகின்றன. வலி ஒரு பாதுகாப்பு என்று அவர் பிறகு வாழ்நாள் முழுக்கச் சொல்லிவந்தார். மனதுக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். கணவருக்கு வேலை போனது வலிக்காத மனம் நிறைந்த மனம் என்று சொல்ல முடியாது. உங்களுக்கு வலிக்கிறது என்பது அவர்மேல் உங்களுக்கு அன்பு இருக்கிறது என்பதற்கு அடையாளம்.

அப்படியானால் "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்று 1 தெசலோனிக்கேயர் 5:18 சொல்கிறதே? சொல்கிறது, அதை நான் இளக்கிச் சொல்லப் போவதில்லை. வேலை போனதற்காகவே, வியாதி வந்ததற்காகவே நன்றி சொல்ல வேண்டுமா என்பதில் மட்டும் கிறிஸ்தவர்களுக்குள் வித்தியாசம் உண்டு. எபேசியர் 5:20ஐ வைத்து, ஆம், தீமைக்காகவும் சொல்ல வேண்டும் என்று கற்பிக்கிற நல்ல போதகர்களை எனக்குத் தெரியும். நான் அப்படிக் கற்பித்ததில்லை. என் காரணம் லாசருவின் கல்லறை. அங்கே இயேசு கண்ணீர் விட்டார். கொஞ்ச நேரத்தில் கண்களை ஏறெடுத்து, பிதாவே, நீர் எனக்குச் செவிகொடுத்தபடியினால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன் என்றார். சிநேகிதன் செத்ததற்காக அவர் நன்றி சொல்லவில்லை. கேட்கிற பிதா அருகில் இருப்பதற்காகச் சொன்னார். அதே போல, காட்டிக்கொடுக்கப்பட்ட அந்த இராத்திரியில் அப்பத்தை எடுத்து ஸ்தோத்திரம் பண்ணினார். இதை ஒவ்வொரு நற்கருணை ஆராதனையிலும் கேட்கிறோம், கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது. யூதாஸ் செய்யப்போவதற்காக நன்றி சொன்னதாக அங்கே இல்லை. கையில் இருந்த அப்பத்துக்காகச் சொன்னார். அந்த மேசையைவிட்டு எழுந்து போன தோட்டத்தில், இந்தப் பாத்திரம் நீங்கட்டும் என்றும் கெஞ்சினார். ஒரே இராத்திரியில் இரண்டும் நடந்தது. உங்களுக்கு ஒரே நாளில் இரண்டும் நடந்தால் நீங்கள் அவரைவிட்டுத் தூரம் போய்விடவில்லை.

தங்கையின் ஃபிளாட் விஷயத்துக்கு வருகிறேன். இந்த இடத்தில் எல்லாரும் சொல்கிற ஆறுதல் ஒன்று உண்டு: உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்களைப் பார், உனக்கு நன்றி தானாக வரும். எனக்கு இது பிடிக்காது. லூக்கா 18இல் பரிசேயன் தேவாலயத்தில் நின்று செய்ததும் ஸ்தோத்திரம்தான்: நான் மற்ற மனிதரைப் போலவும் இந்த ஆயக்காரனைப் போலவும் இல்லாததற்காக நன்றி என்றான். இயேசு அந்த நன்றியை ஏற்றுக்கொள்ளவில்லை. மருத்துவமனை வராந்தாவில் பக்கத்துக் கட்டில்காரரின் வியாதியைப் பார்த்து நம் மனம் லேசாவது மனித இயல்பு, ஆனால் அவர் அதற்காகப் படுத்திருக்கவில்லை. மேலே பார்த்துப் பொறாமைப்படுவதும் கீழே பார்த்து ஆறுதல் அடைவதும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம். இரண்டிலும் என் வாழ்க்கைக்கு அளவு வேறொருவர் வாழ்க்கைதான். 73ஆம் சங்கீதத்தில் ஆசாப் தன் பொறாமையை ஒளிக்காமல் சொல்கிறார். கைகளைக் கழுவிச் சுத்தமாக வாழ்ந்ததெல்லாம் வீண் என்கிற அளவுக்குப் போகிறார். தேவனுடைய பரிசுத்த ஸ்தலத்துக்குள் போனபோதுதான் அவர் பார்வை மாறுகிறது, கடைசியில் "பரலோகத்தில் உம்மையல்லாமல் எனக்கு யார் உண்டு?" என்கிறார். பொறாமையோடு உள்ளே போனவர்தான் அப்படி வெளியே வந்தார். நீங்களும் அந்தப் பொறாமையை அதன் பெயரைச் சொல்லியே ஜெபத்தில் வையுங்கள். கொஞ்ச நாளைக்கு அந்த வாட்ஸ்அப் குழுவின் சத்தத்தை நிறுத்தி வைப்பதும் தப்பில்லை, தங்கைமேல் அன்பு இருந்துகொண்டே அதைச் செய்யலாம்.

இன்னொரு போதனையைப் பற்றி எச்சரிக்கையாகச் சொல்கிறேன். ஆயிரம் ஸ்தோத்திரம் சொன்னால் வேலைக் கதவு திறக்கும், தசமபாகத்தோடு ஸ்தோத்திரக் காணிக்கை போட்டால் நகை மீளும் என்று உங்களுக்கு யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஆயிரம் ஸ்தோத்திரப் புத்தகத்தை வைத்துக்கொண்டு விடியற்காலையில் முழங்காலில் நிற்கிற தாய்மார்களை நான் மதிக்கிறேன், அதில் பலருடைய பக்தி என்னுடையதைவிட ஆழமானது. ஆனால் நன்றியை முன்பணமாகக் கட்டி ஆசீர்வாதத்தை வாங்குகிற கணக்கு வேதத்தில் கிடையாது. பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். அந்த முள் என்ன என்று எத்தனையோ ஊகங்கள் இருக்கின்றன, எதுவும் முடிவாகவில்லை. அது நீங்கியதாக எங்கும் எழுதப்படவில்லை என்பது மட்டும் நிச்சயம். "என் கிருபை உனக்குப் போதும்" என்பதுதான் அவருக்கு வந்த பதில். உங்கள் கணவருக்கு வேலை கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். கிடைக்க வேண்டும் என்று ஜெபிக்கிறேன்.

வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1954இல் நடந்த கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார், பிறகு வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் படித்துவந்தார், 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டபோது அதற்குத் தலைமை அவர்தான். 1972இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பிரசங்கங்களில் இந்தக் கதையைச் சொல்லும்போது, விபத்து நல்லதற்குத்தான் நடந்தது என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அங்கே தயக்கம். விபத்தை நல்லது என்று சொல்லாமலே, அதற்குப் பிறகு அவர் கையில் மிஞ்சியிருந்ததை அவர் என்ன செய்தார் என்று வியக்கலாம். ஏன் நடந்தது என்பதற்கு விடை தெரியாமலே நன்றியோடு வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள்.

ஷூ கம்பெனியில் ஓவர்டைம் கூலி சரியாக வருவதில்லை, கேட்டால் நன்றியில்லாதவள் ஆகிவிடுவேனோ என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அந்த வரிக்கு ஒரு தனிப் பதில் தேவை. கேளுங்கள். கூலியைப் பிடித்துவைத்தவர்களைப் பற்றி யாக்கோபு 5:4 என்ன சொல்கிறது என்று பாருங்கள்: அறுத்த வேலைக்காரருடைய கூலியே கூக்குரலிடுகிறது, அது கர்த்தருடைய செவியில் எட்டியது. போதுமென்ற மனதைப் பற்றி எழுதின அதே பவுல், அடிமையாக இருக்கிறவனுக்கு விடுதலை கிடைக்குமானால் அதை நலமென்று எண்ணிக்கொள் என்று 1 கொரிந்தியர் 7இல் எழுதுகிறார். நம் வட ஆற்காட்டுச் சபைகளின் வரலாறும் அப்படித்தான். ஆற்காடு மிஷன் 1853இல் தொடங்கியது; இந்தப் பக்கத்துக் கிராமச் சபைகளில் பெரும்பாலானவை, நிலமில்லாமல் தாழ்த்தி வைக்கப்பட்டிருந்த மக்களால் உருவானவை. கொடுத்ததை வாங்கிக்கொண்டு அடங்கிக் கிட என்று அவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டிருந்தது. அவர்கள் அப்படி அடங்கியிருந்தால் பெண் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருக்க மாட்டார்கள், நர்சாகவும் ஆசிரியையாகவும் ஆகியிருக்க மாட்டார்கள். போதும் என்கிற மனதை ஒருவர் தன் பேராசைக்கு எதிராகச் சொல்லிக்கொள்ளலாம். அடுத்தவர் கூலியைக் குறைப்பதற்காக யாரும் அதைப் பயன்படுத்தக் கூடாது.

சரி, நடைமுறையில் என்ன செய்வது? நான் கண்டதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். வேலூரில் வெளியூர் நோயாளிகள் தங்குகிற லாட்ஜ் ஒன்றில், ஜார்க்கண்டிலிருந்து கணவரின் சிகிச்சைக்காக வந்த பெண் ஒருவரைச் சந்தித்துக்கொண்டிருந்தேன். மொழி தெரியாத ஊர், கையில் கரைந்துகொண்டே போகிற பணம். அவர் தினமும் அறை வாடகை கட்டின ரசீதின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் ஏதோ எழுதுவார். கேட்டபோது படித்துக் காட்டினார். மேலே அன்றைய பயம்: எந்தப் பரிசோதனை, எவ்வளவு கேட்கிறார்கள், டாக்டர் முகம் எப்படி இருந்தது. கீழே ஆட்கள்: இட்லியோடு ஒன்று கூடுதலாக வைத்த கடைக்காரர், வரிசையில் இடம் விட்ட கிழவர், சாலையைக் கடக்கக் கைபிடித்த பள்ளிக்கூடப் பெண். ஒவ்வொருவர் பெயரையும், பெயர் தெரியாவிட்டால் அடையாளத்தையும் சொல்லி ராத்திரி ஜெபிப்பாராம். அவர் கணவர் பிழைக்கவில்லை. அந்த ரசீதுகளை அவர் எறியாமல் ஊருக்கு எடுத்துப் போனார். அவருக்கு அது என்ன செய்தது என்று நான் அளந்து சொல்ல முடியாது. துயரம் குறைந்த மாதிரி எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த நாட்களில் அவர் தனியாக விடப்பட்டவராகத் தன்னை நினைக்கவில்லை என்று அவரே சொன்னார்.

இப்படி எழுதிவைப்பதை உளவியலாளர்களும் சோதித்திருக்கிறார்கள். 2003இல் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லா என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்டதில், நன்றிக்குரியதை எழுதிவந்தவர்கள், எரிச்சல்களை எழுதிவந்தவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நல்லவிதமாக உணர்ந்தார்கள். பின்னால் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் இதனால் வரும் பலன் சிறிதுதான் என்றார்கள். எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. நன்றியை மருந்து மாதிரி எடுத்துக்கொண்டால் அதன் அளவு அவ்வளவுதான். ஜெபத்தில் அது வேறு காரியம், அங்கே நாம் ஒருவரோடு பேசிக்கொண்டிருக்கிறோம்.

இதை ஒட்டியே, மனநல மருத்துவம் பற்றிக் கடைசியில் சொல்வேன் என்ற அந்த வார்த்தை. தூக்கம் போனது ஒரு ராத்திரி மட்டும்தானா என்று நீங்கள் எழுதவில்லை. வாரக்கணக்கில் தூக்கமோ பசியோ இல்லாமல், எதிலும் மனம் ஒட்டாமல், விடிந்தால் ஏன் விடிந்தது என்று இருந்தால், அது விசுவாசக் குறைவு என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். மனநல மருத்துவரைப் பாருங்கள். உங்கள் கணவரையும் கவனியுங்கள். வேலை இழந்த ஆண்கள் இதை வெளியே சொல்வதில்லை. செத்துப்போனால் நல்லது என்கிற எண்ணம் இருவரில் யாருக்கு வந்தாலும் அன்றைக்கே யாரிடமாவது சொல்லி மருத்துவமனைக்குப் போக வேண்டும். சூரைச்செடியின் கீழ் சாகவேண்டும் என்று படுத்துக்கொண்ட எலியாவுக்கு, தேவதூதன் முதலில் பிரசங்கம் செய்யவில்லை. சாப்பாடு கொடுத்துத் தூங்கவிட்டான், மறுபடி எழுப்பி மறுபடி சாப்பாடு கொடுத்தான்.

கடைசியாக நீங்கள் கேட்டது: வருகிற ஞாயிறு மாமியார் வீட்டு ஸ்தோத்திரக் கூட்டத்தில் உங்களைச் சாட்சி சொல்லச் சொல்கிறார்கள், பொய் சொல்லவும் மனமில்லை, மறுக்கவும் முடியவில்லை. மறுக்க வேண்டாம். வேதத்தைத் திறந்து 13ஆம் சங்கீதத்தை வாசியுங்கள், ஆறே வசனம். முதல் இரண்டு வசனத்துக்குள் நான்கு தடவை "எதுவரைக்கும்" என்று கேட்கிறது, கடைசி வசனம் கர்த்தர் செய்த நன்மைக்காகப் பாடுகிறது. உங்கள் நிலை இரண்டுக்கும் நடுவில் எங்கே இருக்கிறதோ அதைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை, வாசித்தால் போதும். அப்புறம், கேட்காமலே ஐயாயிரம் ரூபாய் கொடுத்து, திருப்பித் தர அவசரமில்லை என்று சொன்ன பஸ் தோழியைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அவர் பெயரைச் சொல்லி நன்றி சொல்லுங்கள். அது முழுக்க உண்மை. பிறகு கணவரின் வேலைக்காக ஜெபிக்கும்படி வெளிப்படையாகக் கேளுங்கள். சனிக்கிழமையே மாமியாரிடமும் உங்கள் சபை ஆயரிடமும், நான் ஒரு சங்கீதம் வாசித்து ஜெப விண்ணப்பம் சொல்லப் போகிறேன் என்று சொல்லி வையுங்கள். வந்திருப்பவர்களில் யாருக்காவது சிப்காட்டில் ஆள் எடுக்கிற இடம் தெரிந்திருக்கவும் கூடும், கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது உங்கள் கணவரை அவர்களோடு பேசவிடுங்கள்.